காம்புட் காட்டில் கன்று நடப் போகிறோம். அடுத்த வெயிலுக்கு அவை உயிரோடு இருக்குமா?

செந்தூல்வாசி (சனி, இரவு 9.12)

வணக்கம். எங்கள் அடுக்குமாடியில் இருபது பேர் சேர்ந்து, அடுத்த மாதம் பெஸ்தாரி ஜெயா பக்கம் ராஜா மூசா வனக்காப்பகத்தில் மரம் நடப் போகிறோம். அது காம்புட் காடு, அதாவது மக்காத இலையும் வேரும் சேர்ந்த சதுப்பு நிலம். பெயர் கொடுத்துவிட்டேன். ஆனால் மனம் முழுதாக ஒப்பவில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு நிறுவனம் எங்களைக் குடும்பத்தோடு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு காட்டோரத்தில் கன்று நட வைத்தது. சட்டை, தொப்பி, நாசி லெமாக், படம் எல்லாம் உண்டு. என் மகளுக்கு அப்போது ஆறு வயது. தன் கன்றுக்கு ஒரு சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டு வந்தாள். போன வருடம் அவள் நச்சரித்ததால் காரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தோம். இடுப்பு உயரத்துக்கு லாலாங் புல். அதன் அடியில் கரிந்த குச்சிகள். நட்ட வரிசையே தெரியவில்லை. நிறுவனத்துக்கு எழுதினேன், பதில் இல்லை. மகள் வீடு வரும்வரை வாய் திறக்கவில்லை.

எரிந்த நிலத்தில் கன்று நட்டால் அது காடாகுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவளை மறுபடியும் கூட்டிப் போகலாமா என்று முடிவு செய்ய வேண்டும்.

மெராந்தி (சனி, இரவு 10.05)

நான் வனவியல் படித்தவன், இப்போது நாற்றங்கால் வேலையில் இருக்கிறேன். உங்கள் மகள் பார்த்தது எனக்குப் புதிதல்ல. அந்த லாலாங்கைக் கொஞ்சம் விளக்குகிறேன், அப்போது கன்று ஏன் செத்தது என்று புரியும்.

லாலாங்கின் உயிர் மண்ணுக்கு அடியில், கிழங்கு மாதிரி ஓடும் தண்டில் இருக்கிறது. மேலே தீ ஓடினால் இலைதான் போகும். இரண்டு வாரத்தில் பச்சையாக முளைத்துவிடும். தீ பட்டால் இன்னும் அதிகமாகப் பூக்கும், விதை காற்றில் பறக்கும். காய்ந்த இலை அடுத்த தீக்கு எரிபொருள். ஆக, புல் தீயை வளர்க்கிறது, தீ புல்லை வளர்க்கிறது. இடையில் மாட்டிக்கொண்ட கன்றுக்கு வழியே இல்லை. லாலாங்குக்குப் பயம் ஒன்றே ஒன்று, நிழல். தலைக்கு மேலே இலை மூடிவிட்டால் தானாக மெலிந்து போகும். அதனால் முதல் மூன்று, நான்கு வருடம் யார் வந்து புல்லை மிதித்து மடக்குவது, யார் தீத்தடுப்புப் பாதை வெட்டி வைப்பது என்பதுதான் கேள்வி. உங்கள் பழைய நிறுவனம் ஒரே ஒரு நாளுக்குத்தான் பணம் ஒதுக்கியிருக்கும்.

ஆனால் ராஜா மூசா வேறு கதை. அது காம்புட் நிலம். அதற்குத் தனியாக எழுதுகிறேன், இப்போது பிள்ளையைத் தூங்க வைக்க வேண்டும்.

கடல்தாண்டி (சனி, இரவு 10.31)

நாம் இங்கே இருபது கன்று நட்டு என்ன ஆகப் போகிறது? நம்மை மூடும் புகை முழுக்க இந்தோனேசியாவின் சுமத்ராவிலிருந்தும் களிமந்தானிலிருந்தும் வருகிறது. அங்கே நிறுத்தாமல் இங்கே எதைச் செய்தும் பயனில்லை.

கிள்ளான்_அம்மா (சனி, இரவு 11.20)

கடல்தாண்டி தம்பி, நான் கோபமாக எழுதவில்லை. ஆனால் ஜோஹான் செத்தியாவிலிருந்து சில கிலோமீட்டரில் குடியிருக்கிறேன். அந்தப் பக்கத்துக் காம்புட் மண் எரிவது எங்களுக்கு வருடா வருடம் தெரியும். இந்தோனேசியா பக்கம் வானம் தெளிவாக இருக்கும் மாதத்தில்கூட எங்கள் ஜன்னல் கம்பியில் சாம்பல் படியும். வாடை வேறு மாதிரி இருக்கும். விறகுப் புகை மாதிரி இல்லை, ஈரத் துணியைத் தீயில் போட்ட மாதிரி.

2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் அவசர நிலை அறிவித்தார்கள். காற்று மாசுக் குறியீடு 500-ஐத் தாண்டியது. என் பெரியவனுக்கு அப்போது நாலு வயது, இளைப்பு. அறைக் கதவு இடுக்கில் ஈரத் துண்டைச் சொருகி வைத்துவிட்டு, இரவெல்லாம் அவன் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 2013 ஜூனில் மூவாரில் 700-ஐத் தாண்டியபோது அங்கிருந்த என் தங்கை தொலைபேசியில் அழுதாள். அந்த இரண்டும் கடல் தாண்டி வந்த புகைதான், நான் மறுக்கவில்லை. இப்போதும் நெபுலைசர் எங்கள் வீட்டில் அடுப்பு மாதிரி ஒரு சாமான். எந்த நாட்டுப் புகை என்று நுரையீரலுக்குத் தெரியாது.

செந்தூல்வாசி, மகளைக் கூட்டிப் போங்கள்.

பழைய_தோட்டத்தான் (ஞாயிறு, காலை 6.48)

பசியாறிவிட்டு உட்கார்ந்தேன், இழையைப் பார்த்தேன். நானும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் தீ வைத்தவன்.

ரவாங் பக்கம் தோட்டத்தில் பிறந்தேன். பால்மரம், அதாவது ரப்பர் மரம், வயதாகிப் போனால் மறுநடவு. மரத்தைச் சாய்த்து, வெயிலில் காயவிட்டு, காற்று பார்த்துக் கொளுத்துவோம். கிராணி தேதி குறிப்பார், கங்காணி ஆள் பிரிப்பார், மண்ணெண்ணெய்த் துணி சுற்றிய கம்போடு நாங்கள் வரிசையாக நடப்போம். அப்போது எனக்குப் பதினெட்டு. இரண்டு மூன்று நாள் லயத்து வீடுகளே புகைக்குள் இருக்கும். குழந்தைகள் இருமும். யாரும் அதைத் தப்பென்று சொன்னதில்லை, வேலை அப்படி.

ஏன் எரித்தோம் என்பதையும் சொல்கிறேன், இல்லாவிட்டால் எரிப்பவன் எல்லாரும் பாவி என்று ஆகிவிடும். ஆள் செலவு மிச்சம். சாம்பல் புளித்த மண்ணைக் கொஞ்சம் சரியாக்கும், ஆனால் ஒன்றிரண்டு மழைப் பருவத்தில் அடித்துப் போய்விடும். பூச்சியும் பாம்பும் ஓடிப்போகும். அப்புறம் பால்மரப் பலகைக்கு நாற்காலி செய்கிறவர்களிடம் விலை கிடைக்க ஆரம்பித்தது. காசு கிடைக்கிற மரத்தை யார் கொளுத்துவார்கள்? எண்ணெய் எடுக்கும் செம்பனையிலும் 1980-களின் கடைசியில் கோல்டன் ஹோப் என்ற தோட்ட நிறுவனம் எரிக்காமல் மறுநடவு செய்யும் முறையைக் கொண்டு வந்தது. மரத்தை இயந்திரத்தால் சீவி, வரிசைக்கு இடையில் அடுக்கி மக்க விடுவது. அதற்கு 1992-இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் விருதும் கிடைத்தது. அதிலும் தொல்லை உண்டு. மக்கும் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டு இளம் குருத்தைத் தின்னும். இருந்தாலும் செய்ய முடிந்தது.

எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும் என்பார்கள். எரிப்பவனுக்கு வேறு வழியும் அதற்கான காசும் கைக்கு வந்தால் அவன் எரிக்க மாட்டான். இது நான் கண்ணால் பார்த்தது.

பந்திங்_விவசாயி (ஞாயிறு, மதியம் 1.15)

தோட்டத்து ஐயா சொன்னதற்கு நன்றி. இந்தப் பேச்சு எப்போது வந்தாலும் கடைசியில் காய்கறி போடுகிற எங்கள் தலையில்தான் விடியும்.

எங்களில் பலருக்கு நிலம் சொந்தமில்லை. டி.ஓ.எல். என்று ஒரு வருட அனுமதி. அடுத்த வருடம் இருக்குமோ இருக்காதோ தெரியாத நிலத்தில் யார் எக்ஸ்கவேட்டர் வாடகைக்கு எடுத்துக் கட்டையை அள்ளுவார்கள்? மரவள்ளிக் குச்சி, சோளத் தட்டை எல்லாம் குவிந்து கிடக்கும். ஒரு தீக்குச்சி போதும். தப்பு என்று தெரியும். திறந்தவெளி எரிப்புக்கு ஐந்து லட்சம் வெள்ளி வரை அபராதம், ஐந்து வருடம் வரை சிறை என்று சட்டம் இருந்தது, 2024-இல் இன்னும் கூட்டினார்கள். ஆனால் அனுமதியை ஐந்து வருடமாக்கிக் கொடுத்து, பத்துப் பேருக்கு ஒரு சீவும் இயந்திரம் வாடகைக்கு விட்டிருந்தால் அந்தச் சட்டத்துக்கு வேலையே இருந்திருக்காது.

நான் எரிப்பதை விட்டு நாலு வருடம் ஆகிறது. ஒரு தடவை என் தீ பக்கத்து நிலத்துக்கு மண்ணுக்கு அடியிலேயே போய்விட்டது. மேலே ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் பக்கத்து நிலத்துக்காரர் காலை வைத்த இடம் உள்வாங்கி, முழங்கால் வரை சாம்பலில் இறங்கிவிட்டது. தோல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அவர் மனைவியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

சரவாக்_டீச்சர் (ஞாயிறு, மாலை 4.40)

ஒரு சிறு குறிப்பு. நான் ஆறு வருடம் சரவாக் உள்பகுதியில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன். அங்கே ஈபான் இனத்து நீண்டவீட்டுக்காரர்கள் மலைநெல்லுக்குக் காட்டைக் கொளுத்துவார்கள். அதையும் இதையும் ஒன்றாகப் போடாதீர்கள். சிறு துண்டு நிலம். எரிப்பதற்கு முன் ஓரத்தைச் சுத்தமாகக் கூட்டுவார்கள், காற்றுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்குவார்கள், ஊரே நின்று காவல் காக்கும். ஒரு போகம், அதிகம் போனால் இரண்டு. அப்புறம் அந்த நிலத்தைப் பல வருடம் காட்டுக்கே விட்டுவிடுவார்கள், சுற்றிலும் பெரிய காடு இருப்பதால் விதை தானாக வந்து சேரும். காடு மீள்வதற்கு நேரமும் பக்கத்தில் தாய்மரமும் இருக்கிற வரைக்கும் அந்த முறை ஓடியது. சுற்றுக்காடு போய், இடைவெளி வருடமும் சுருங்கினால் அதுவும் லாலாங்கில்தான் முடியும். மெராந்தி தம்பி சரியா?

மெராந்தி (ஞாயிறு, இரவு 9.55)

மிகச் சரி டீச்சர். தாய்மரம் என்றீர்களே, அங்கேதான் எல்லாம் இருக்கிறது.

நம் மலைக்காட்டு மரங்களில் மெராந்தி, கெருயிங், கப்பூர் இவையெல்லாம் ஒரே குடும்பம். இவை வருடா வருடம் காய்ப்பதில்லை. சில வருடங்களுக்கு ஒருமுறை காடே சேர்ந்து பூத்துக் காய்க்கும். விழுந்த விதை சில நாளில், சில வாரத்தில் முளைக்க வேண்டும், இல்லாவிட்டால் செத்துவிடும். மண்ணுக்குள் காத்திருக்கும் விதை என்று இவற்றுக்குக் கிடையாது. தாய்மரம் எரிந்தால் அந்த வம்சம் அந்த இடத்தில் முடிந்தது. கன்றுக்கு இளமையில் நிழலும் வேண்டும், வேரோடு கூட வாழும் பூஞ்சையும் வேண்டும். வெட்டவெளியில் கொண்டுபோய் நட்டால் வெயிலே கொன்றுவிடும். அதனால்தான் முதலில் மகாங் மாதிரி வேகமாக வளரும் மரத்தை வைத்து நிழல் உண்டாக்கி, அதன் கீழே இவற்றை நடுகிறோம்.

இன்னொன்று. நல்ல முதிர்ந்த மழைக்காடு அவ்வளவு எளிதில் எரியாது, உள்ளே அத்தனை ஈரம். 1982–83 எல் நினோ வறட்சியில் கிழக்குக் களிமந்தானில் ஏறக்குறைய 35 லட்சம் ஹெக்டேர் தீக்கு இரையானது. அதில் அதிகமாக அடிபட்டது ஏற்கெனவே மரம் வெட்டிய காடுகள். வெட்டிப் போட்ட கிளை காய்ந்து கிடந்தது, மேற்கூரை திறந்து வெயில் உள்ளே இறங்கியது. கோடாரி முதலில் போனது, தீ பின்னால் போனது.

இனி காம்புட். செந்தூல்வாசி, இதுதான் உங்கள் கேள்விக்குப் பதில்.

காம்புட் என்பது மண்ணே அல்ல. தண்ணீரில் மூழ்கியதால் மக்க முடியாமல் போன இலையும் வேரும் மரமும் ஆயிரக்கணக்கான வருடம் சேர்ந்தது. வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் என்று ஏறியது. அதன் எடையில் பெரும்பங்கு தண்ணீர். அதில் ஒரு பாரிட், அதாவது வடிகால், வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டால், முதல் சில வருடத்தில் நிலம் ஒரு மீட்டருக்கு மேல்கூட இறங்கிவிடும். அப்புறமும் வருடா வருடம் சில சென்டிமீட்டர் இறங்கிக்கொண்டே இருக்கும். காய்ந்தது மறுபடி தண்ணீரைச் சரியாக உறிஞ்சாது. அந்த நிலையில் ஒரு சிகரெட் துண்டு விழுந்தால் போதும், தீ கீழே இறங்கிப் புகைந்துகொண்டு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நகரும். போம்பா, அதாவது தீயணைப்புப் படை, மேலே அடிக்கும் தண்ணீர் அடிவரை போகாது. பந்திங் அண்ணன் சொன்ன விபத்து அப்படித்தான் நடந்தது.

எரிந்த இடம் பள்ளமாகிறது. மழை வந்தால் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கிக் கன்று மூழ்கும், வெயிலில் அதே கன்று எரியும். இரண்டு மூன்று தடவை எரிந்த காம்புட்டில் மீடின் என்ற பெரணிக் கீரையும் கோரையும்தான் மிஞ்சும்.

கடல்தாண்டி நண்பருக்கும் இதில் பதில் இருக்கிறது. மத்தியக் களிமந்தானில் 1995-இல் சுகார்த்தோ அரசு பத்து லட்சம் ஹெக்டேர் காம்புட் நிலத்தை நெல்வயலாக்கக் கிளம்பியது. நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கால்வாய் தோண்டினார்கள். நெல் விளையவில்லை. 1997 வறட்சி வந்தது, வடிந்த நிலம் கொழுந்துவிட்டது. அந்த செப்டம்பரில் சரவாக்கில் குறியீடு 800-ஐத் தாண்டி அவசர நிலை வந்தது. அதனால் தீக்குச்சியைக் கிழித்தது யார் என்று தேடுவதற்கு முன், பாரிட்டை வெட்டியது யார் என்று நான் கேட்பேன்.

கடல்தாண்டி (ஞாயிறு, இரவு 10.40)

ஒப்புக்கொள்கிறேன், நான் அவசரப்பட்டுவிட்டேன். ஆனால் ஆசியான் புகைமூட்ட ஒப்பந்தம் 2002-இல் இதே கோலாலம்பூரில்தான் கையெழுத்தானது. இந்தோனேசியா அதை உறுதிப்படுத்த 2014 ஆனது. அடுத்த வருடமே, 2015-இல், அங்கே 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது, நஷ்டம் 1,600 கோடி அமெரிக்க டாலர் என்று உலக வங்கி கணக்குப் போட்டது. அரசாங்கங்களையும் கேள்வி கேட்க வேண்டும் அல்லவா?

கிள்ளான்_அம்மா (ஞாயிறு, இரவு 11.02)

கேட்க வேண்டும் தம்பி, நம் வாசலிலும் கேட்க வேண்டும். 2021-இல் கோல லங்காட் உத்தாரா வனக்காப்பகத்தில் 500 ஹெக்டேருக்கு மேல் காப்பகப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்ட செய்தி வந்ததே. அதுவும் காம்புட் காடு, தெமுவான் பூர்வகுடி மக்கள் அதை ஒட்டித்தான் இருக்கிறார்கள். எத்தனை பேர் எதிர்த்து எழுதினார்கள்! நானும் ஒரு கடிதம் போட்டேன். செப்டம்பரில் மாநில அரசு அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. எதையும் மாற்ற முடியாது என்று யாராவது சொன்னால் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

மெராந்தி (திங்கள், காலை 7.30)

வேலைக்குப் போகும் முன் ஒன்று மட்டும். காடு மீளுமா என்று சந்தேகம் இருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கெப்போங்கில் இருக்கும் ஃபிரிம் என்ற வன ஆராய்ச்சிக் கழகத்துக்குப் போய்ப் பாருங்கள். 1926-இல் ஃபாக்ஸ்வொர்தி என்ற அமெரிக்க வனவியலாளர் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தபோது அங்கே காடு இல்லை. ஈயம் தோண்டிவிட்டுப் போன குழிகள், மணல், காய்கறித் தோட்டம், லாலாங். நட்டு வளர்த்தார்கள். இன்று அண்ணாந்து பார்த்தால் கப்பூர் மரங்களின் உச்சிகள் ஒன்றையொன்று தொடாமல், நடுவில் ஆறு ஓடுவது போல வானம் தெரியும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இப்படி மனிதன் கெடுத்த நிலத்தில் மனிதனே வளர்த்த மழைக்காடு.

ஆனால் நூறு வருடம். நடுவில் யாரும் கைவிடவில்லை, தீயை அண்ட விடவில்லை.

பழைய_தோட்டத்தான் (திங்கள், காலை 8.10)

அந்தக் கப்பூர்தான் நம் பச்சைக் கற்பூரம் தந்த மரம். சுமத்ராவில் பாருஸ் துறையில் 1088-இல் தமிழ் வணிகர்கள் வைத்த கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அந்தத் துறை கற்பூரத்துக்குப் பெயர் போனது. இந்தக் காட்டோடு நம் உறவு தோட்டத்தில் கால் வைத்த நாளில் தொடங்கியது இல்லை, அதற்கு எட்டு நூறு வருடம் முந்தியது. பேரப்பிள்ளைகளிடம் இதைச் சொல்வேன்.

செந்தூல்வாசி (நான்கு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 6.20)

போய் வந்தோம். மகளும் வந்தாள்.

போன உடனே கன்றைக் கையில் கொடுக்கவில்லை. முதலில் ஒரு பாரிட் ஓரமாக நடத்திப் போனார்கள். முன்பு மரக்கட்டை இழுக்கவும் நிலம் வடிக்கவும் வெட்டியது. கட்டையும் மண்மூட்டையும் வைத்துக் குறுக்கே அடைத்திருந்தார்கள். அடைப்புக்கு மேல்பக்கம் தண்ணீர் தே ஓ, அதாவது பால் இல்லாத தேநீர், நிறத்தில் ததும்பி நின்றது. கீழ்ப்பக்கம் ஒரு முழம் தாழ்ந்து கிடந்தது. 2008 முதல் வனத்துறையும் உலகச் சுற்றுச்சூழல் மையமும் அங்கே இந்த வேலையைச் செய்கின்றன. பக்கத்துக் கம்பத்து மக்கள் மகாங் கன்று வளர்த்து விற்கிறார்கள், வெயில் காலத்தில் ரோந்தும் போகிறார்கள். இந்தக் காட்டில் தேங்கும் தண்ணீர்தான் தஞ்சோங் காராங் நெல்வயல்களுக்கும் போகிறது என்று தெரிந்ததும், வீட்டில் வாங்கும் அரிசி மூட்டை ஞாபகம் வந்தது.

ஒரு பிளாஸ்டிக் குழாய் மண்ணில் நட்டிருந்தது. உள்ளே அளவுகோலை விட்டு, தண்ணீர் மேல்மண்ணிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் கீழே இருக்கிறது என்று பார்ப்பார்களாம். மகளை விட்டு அளக்கச் சொன்னார்கள். இருபத்தெட்டு. அதைப் புத்தகத்தில் அவள் கையாலேயே எழுதினாள். அப்புறம்தான் கன்று நட்டோம், எல்லாம் மகாங். மெராந்தி, நீங்கள் சொன்ன பெரிய மரங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றார்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை புல் மிதிக்கவும் அளவு எடுக்கவும் வருவதாக எங்களில் எட்டுப் பேர் எழுதிக் கொடுத்திருக்கிறோம். மீதிப் பன்னிரண்டு பேரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும் மனதில் நிற்கிறது. பாரிட்டை அடைத்தால் காட்டுக்கு நல்லது. ஓரத்தில் பயிர் போட்டிருப்பவர் நிலத்தில் தண்ணீர் ஏறாதா? பந்திங் அண்ணே, உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

பந்திங்_விவசாயி (ஞாயிறு, இரவு 8.05)

ஏறும். மரவள்ளி அழுகும், அதை யாரும் மறைக்கக் கூடாது. அடைப்பை எந்த உயரத்தில் வைப்பது என்று எங்களையும் கூப்பிட்டுப் பேசினால், ஓரமாக இருக்கிற சில வரிசையை ஈரம் தாங்கும் பயிருக்கு மாற்றிக்கொள்ள முடியும். கங்கோங் கீரை போடலாம். என் நிலத்து ஓரப் பாரிட்டில் நானே ஒரு பலகை வைத்துப் பார்த்திருக்கிறேன், வெயில் மாதத்தில் மட்டும் இறக்குவேன், மழைக்கு எடுத்துவிடுவேன். போன வருடம் என் பக்கம் புகை வரவில்லை.

அந்த அளவுக் குழாய் எவ்வளவு ஆழம் இறக்க வேண்டும், எந்தத் தடிமன் வாங்க வேண்டும் என்று கேட்டுச் சொல்லுங்கள். என் நிலத்திலும் ஒன்று நட்டு வைக்கிறேன்.